நீல அணியின் ஒரே வெற்றி

கல்லில் பத்து வரி செதுக்கியாகிவிட்டது. பதினோராவது வரியில் ஒரு பெயருக்கு இடம் விட்டுவிட்டு, கல் செதுக்குகிறவர் உளியைக் கீழே வைத்தார்.

"பேரு சார்?"

"சொல்றேன்" என்றார் விளையாட்டரங்கக் குமாஸ்தா. காலையிலிருந்து இதை அவர் நான்காவது தடவையாகச் சொல்கிறார்.

விஷயம் இதுதான். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மின்விசிறிக் கம்பெனி, சம்பளம் கொடுத்து ஆள் சேர்த்து ஒரு கூடைப்பந்து அணியை நடத்தியது. நீலச் சட்டை போட்டதால் நீல அணி. ஆயுள் நான்கே மாதம். பதினோரு ஆட்டம் ஆடிப் பத்தில் தோற்று, கடைசி ஆட்டத்தில் மட்டும் சிவப்பு அணியை ஒரு புள்ளியில் ஜெயித்தது. மறுவாரமே அணியைக் கலைத்துவிட்டார்கள். ஜெயித்த அதிர்ச்சியை முதலாளியால் தாங்க முடியவில்லை என்று அரங்க அலுவலகத்தில் இன்றைக்கும் கேலி பேசுவார்கள்.

இப்போது அரங்கத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். நீல அணியின் வரலாற்றைக் கல்லில் வெட்டி வாசலில் பதிக்க வேண்டும் என்பது மேனேஜரின் ஆசை. வெள்ளிக்கிழமை காலை திறப்பு. கடைசி வரி, 'வெற்றிப் பந்தைக் கூடையில் போட்டவர்', பிறகு ஒரு பெயர். அந்தப் பெயரில்தான் வண்டி நின்றுவிட்டது.

குமாஸ்தாவின் மனைவிக்கு இதில் எள்ளளவும் சந்தேகமில்லை. அவளுடைய அப்பா அந்த அணியில் ஆடியவர். "அந்த மேட்ச் ஜெயிச்சதுக்கு நான்தாம்மா காரணம்" என்று அவள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் சொன்னாராம். அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டு வளர்ந்தவள் அவள்.

"கல்லுல அப்பா பேரு வரலைன்னா நீங்க ஆபீஸ்லயே படுத்துக்கலாம்" என்று சொல்லித்தான் அன்று காலை டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்திருந்தாள்.

பழைய ஸ்கோர் நோட்டில் கடைசிப் பந்துக்கு நேரே 'நீலம், ஏழு' என்று இருந்தது. அணியின் பதிவேட்டில் ஏழாம் எண்காரர் நெட்டை என்று எல்லோரும் அழைத்த ஒருவர். மாமனாரின் எண் பன்னிரண்டு.

நேரே கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைத்த குமாஸ்தா, மாமனாரும் கூடவே இருக்கிற வீட்டுக்கு மத்தியானமே போனார்.

"மாமா, கடைசி மேட்ச்ல உங்க சட்டை நம்பர் என்ன?"

மாமனார் கையிலிருந்த பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். "கல்லுல எல்லாம் எதுக்கு மாப்பிள்ளை? விட்டுருங்க."

"பாருங்க, எவ்வளவு அடக்கம்" என்று உருகிப்போனாள் மனைவி. உள்ளே போய்ப் பெட்டியைக் குடைந்து ஒரு பழைய சட்டையை எடுத்துவந்து மேசையில் விரித்தாள். "அன்னைக்கு அப்பா போட்டிருந்தது. நம்பரைப் பாருங்க."

ஏழுதான். ஆனால் சட்டை சிவப்பு.

"நம்ம டீம் நீலமில்ல?"

"துவைக்கறப்ப சாயம் ஒட்டியிருக்கும்."

நீலத்தைச் சிவப்பாக்குவதற்கு எத்தனை வாளிச் சாயம் ஒட்ட வேண்டும் என்று யோசித்தபடி குமாஸ்தா மாமனாரைப் பார்த்தார். ஓய்வு பெற்று ஆறு வருடமான அந்த மனிதர், 'வேலைக்கு ஆட்கள் தேவை' பக்கத்தைக் கண் எடுக்காமல் படித்துக்கொண்டிருந்தார்.

வந்ததற்கு வராமலே இருந்திருக்கலாம். எண் பொருந்தினால் நிறம் பொருந்தவில்லை. குமாஸ்தா நேரே நெட்டையைத் தேடிப் போனார். அவர் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் மூன்றாக மடிந்துதான் காருக்குள் நுழைய முடிகிறது.

"கடைசிப் பந்து போட்டது நீங்களா சார்?"

"நான் இல்லை."

"நோட்டுல ஏழுன்னு இருக்கே."

"இருக்கும்."

"அப்ப என் மாமனாரா?"

நெட்டைக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரு இல்லைன்னா அந்தப் பந்து விழுந்திருக்காது. அதை மட்டும் எங்க வேணாலும் வந்து சொல்றேன். எதுக்குச் சார் இப்ப அதைக் கிளறிக்கிட்டு? அந்த மேட்சை விட்டுட்டு மத்த பத்தை எழுதுங்களேன்."

"பத்துலயும் தோத்துட்டீங்களே."

"கௌரவமாத் தோத்தோம்ல?"

குமாஸ்தாவுக்குத் தலை கிறுகிறுத்தது. போட்டவர் போடவில்லை என்கிறார், போட்டதாகச் சொல்லப்படுகிறவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிகிறார். பெருமைக்கு ஆலாய்ப் பறக்கிற உலகத்தில் இப்படியும் ஒரு அணியா என்று அவருக்குக் கொஞ்சம் நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

மிச்சமிருந்தது பயிற்சியாளர். மாடியில் ரோஜாச் செடிகளுக்கு மண் மாற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த வெற்றி?" என்றார் அவர்.

"கடைசி மேட்ச் சார். ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சீங்களே."

"பதினொண்ணும் தோல்விதாம்ப்பா. கடைசி மேட்ச்ல நான் தொப்பியைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் பல்லு கூசுது."

"ஜெயிச்சதா பேப்பர்லகூட வந்திருக்கே சார்."

"அதைப் படிச்சுட்டு நானும் ரெண்டு தரம் கண்ணாடியைத் துடைச்சேன்."

பின்னாலிருந்து அவர் மனைவி, இவருக்கு ஞாபகமெல்லாம் போய்விட்டது என்று கையால் ஜாடை காட்டினார். குமாஸ்தா அனுதாபத்தோடு தலையை ஆட்டிவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை அவருக்கு ஒரு வழி தோன்றியது. பெயரே வேண்டாம், 'அணியின் கூட்டு முயற்சி' என்று போட்டுவிடலாம்.

"என்னய்யா இது?" என்றார் மேனேஜர். "கூட்டு முயற்சியையா மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுவேன்? ஒரு ஆள் வேணும். மத்தியானத்துக்குள்ள பேரைக் குடு. இல்லைன்னா உன் பேரைப் போட்டுடுவேன்."

அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன் வந்தது. குமாஸ்தா அதை எடுக்காமலே கல் செதுக்குகிறவரிடம் நடந்து போனார். மாமனாரின் பெயரைச் சொன்னார். எண் பொருந்துகிறது, நெட்டையே சாட்சி, இதற்கு மேல் என்ன வேண்டும்? உளி கல்லில் இறங்கிய சத்தம் அவர் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வாசலில் நல்ல கூட்டம். கல்லை மூடியிருந்த துணியை விலக்கியதும் கைதட்டல் எழுந்தது. மனைவி அழுதேவிட்டாள். அவள் அப்படிச் சந்தோஷமாக அழுது பார்த்து எத்தனையோ வருடமாயிற்று. மாமனாரைத் தூணுக்குப் பின்னாலிருந்து இழுத்துவந்துதான் மாலை போட வேண்டியிருந்தது. பழைய வீரர்கள் வரிசையாக நின்று அவரவர் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் லாண்டரிக்காரர், கல்லை மூடக் கொடுத்திருந்த தன் துணியை எடுத்துப்போக வந்தார். முப்பது வருடமாக அரங்கத்துத் துணியெல்லாம் அவரிடம்தான் வெளுக்கிறது. கல்லைக் கடைசி வரிவரை படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அந்த விஷயம் யாரும் உங்ககிட்ட சொல்லலையா சார்?"

"எந்த விஷயம்?"

"ரெண்டு டீம் துணியும் என்கிட்டதான் வரும். அன்னைக்கு மூட்டையை மாத்திக் குடுத்துட்டேன். மேட்சுக்கு நேரமாயிடுச்சு. நம்மாளுங்க சிவப்பை மாட்டிக்கிட்டாங்க, அவங்க நீலத்தை மாட்டிக்கிட்டாங்க. நோட்டு எழுதினவரு புதுசு, சட்டைக் கலரைப் பார்த்து எழுதிட்டாரு. அவங்கதான் ஏற்கெனவே ஃபைனலுக்குப் போயிட்டாங்களே, கண்டுக்கலை. நம்மாளுங்க வாயே திறக்கலை."

குமாஸ்தா கல்லைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஜெயிச்சது?"

"அவங்கதான்."

"அப்ப என் மாமனார்?"

லாண்டரிக்காரர் துணியை நிதானமாக நான்காக மடித்தார்.

"நாலு மாசப் பழக்கம் சார், பாவம். கடைசி நிமிஷத்துல பந்து கையில கிடைச்சதும், ரிங்குக்குக் கீழ நின்ன நீலச் சட்டைக்காரனாத் தேடிப் பிடிச்சுக் குடுத்தாரு."