கோட்டு மாஸ்டரின் ஐந்தாட்டம்

வேலூர் வெயிலைத் தோற்கடித்த ஒரே மனிதர் எங்கள் கோட்டு மாஸ்டர்தான். சித்திரை மாதத்து நடுப்பகலில், தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற நேரத்தில், கழுத்துவரை பித்தளைப் பொத்தான் போட்ட சிவப்புக் கம்பளிக் கோட்டோடு கண்ணமங்கலம் கடைத்தெருவில் நடப்பார். டீக்கடையிலும் கோட்டு, தூக்கத்திலும் கோட்டு. கிணற்றில் அவர் குளித்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் கோட்டோடு பார்த்ததாகவே சொன்னார்கள்.

கல்யாண பேண்டு செட்டில் அவர் கிளாரினெட். நான் பெரிய மேளம். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. செங்கல் சூளை, லாரி, கரும்பு வெட்டு என்று சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். மேளம் அடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. தூக்க முடியுமா என்றுதான் கேட்டார்கள். கிளாரினெட், மேளம், வாசிக்கும்போது எட்டுப் பேரும் போடுகிற சிவப்புக் கோட்டு எல்லாம் முதலாளியுடையவை. மூச்சு மட்டும் எங்களுடையது.

எழுபதுகளின் கடைசியில் ஒருமுறை ஜவ்வாது மலைமேல் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனோம். எங்கள் சினிமாப் பாட்டுகளை மலைக்காரர்கள் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் மாதிரி பொறுமையாகக் கேட்டார்கள். நாங்கள் முடித்ததும் தங்கள் மேளத்தை எடுத்தார்கள். கிழவர்கள் உட்பட ஊரே வட்டமாக நின்று ஆடியது. மாஸ்டர் கிளாரினெட்டை அக்குளில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். திரும்பி வரும்போது நாலாவது வளைவில் என் தோளைத் தட்டினார்.

"டேய் மேளம், வெள்ளைக்காரன் இன்னா பண்றான் தெரியுமா? ஜனங்க ஆடற பாட்டையெல்லாம் ஒண்ணா கோத்து, நூறு பேரை ஒக்கார வெச்சி வாசிக்கிறான். பட்டாளத்து பேண்டுல இருக்கசொல்ல ரேடியோவுல கேட்டுக்கீறேன்."

"நம்மகிட்ட நூறு பேரு ஏதுண்ணே?"

"ஏழு பேரு கீறீங்க இல்ல? ஆளுக்குப் பதினாலு பேரா வாசிங்க. மிச்சம் ரெண்டு பேரை நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து வாராவாரம் மலையேறினார். நோட்டில் ஐந்து ஆட்டங்களின் மெட்டை எழுதினார்: விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு, கல்யாணம், அம்மன் திருவிழா. அதை எட்டுப் பேருக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார். ஒத்திகைக்கு இடம் இல்லை. ஒரு புளி மண்டியைப் பிடித்தார். சுற்றிலும் கூரைவரை புளி மூட்டை. டிரம்பெட்காரர்கள் இரண்டு பேரும் வாயில் வைத்ததும் எச்சில் ஊறிவிடும். ஒரு வரி ஊதுவார்கள், குழலைக் கவிழ்த்து உதறுவார்கள்.

"இன்னாங்கடா, பாட்டு வாசிக்கிறீங்களா, ரசம் வெக்கிறீங்களா?" என்பார் மாஸ்டர். தன் கிளாரினெட்டிலிருந்தும் சொட்டுவதைப் பார்க்கவே மாட்டார்.

செங்கத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். சினிமாப் பாட்டு கேட்டிருந்தார்கள். மாஸ்டர் களையெடுப்பை அவிழ்த்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் பாய்ந்து வந்தார்.

"யோவ், இது கல்யாணமா, களையெடுப்பா?"

"ரெண்டுக்கும் குனிஞ்சிதாங்க ஆவணும். மாப்ளைக்கு இன்னும் தெரியாது, பாவம்."

மறுநாள் முதலாளி எங்களை வரிசையாக நிற்கவைத்தார். மாஸ்டரிடம் மட்டும் பேசினார். "இன்னொரு தபா உன் இஷ்டத்துக்கு வாசிச்சே, கிளாரினெட்டைக் கீழ வெச்சிட்டுப் போய்க்கினே இரு." மாஸ்டர் தலையாட்டினார். சம்மதம் மாதிரி தெரிந்தது. ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டிருக்கிறார்.

அவருக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஐந்தும் ஒரு தடவை, முழுசாக, அந்த மலையில் ஊரே ஆட வாசிக்க வேண்டும். அதற்கு முன் மலைக்காரர்களிடம் காட்டிவிடலாம் என்று எங்களை அழைத்துக்கொண்டு போனார். வாசித்தோம். ஊர்த்தலைவரான கவுண்டர் கண்ணை மூடிக் கேட்டார். ஒருவரும் ஆடவில்லை.

"எப்டிங்க கீது?"

"நல்லாத்தான் கீது வாத்தியாரே. ஆனா காலு வெக்க எடமே வுடலியே."

பட்டாளத்துப் பழக்கத்தில் எல்லாவற்றையும் லெஃப்ட் ரைட்டுக்கு எழுதிவிட்டார். யார் குறை சொன்னாலும் சண்டைக்குப் போகிற மனுஷர், அங்கேயே நோட்டுத் தாள்களைக் கிழித்துவிட்டு மறுபடி ஒன்றாவதிலிருந்து எழுதினார். இந்தத் தடவை அடிக்கு அடி இடம் விட்டார்.

கவுண்டர் இன்னொன்றும் சொன்னார். "நடுவுல நிக்கறீங்களே, அது ஆவாது. ஆட்டம் ஆரம்பிச்சா நான் மோளத்து மேல கை வெச்சாத்தான் நிக்கணும். வேற ஆரு நிறுத்தனாலும் ஊருக்கு ஆவாது." ஆகவே ஐந்து ஆட்டங்களுக்கும் நடுவே என் மேளம் மட்டும் நிற்காமல் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அந்தக் கோடையில் மலைமேல் அரசாங்க விழா. எங்கள் செட்டுக்கு அழைப்பு. பொறுப்பில் இருந்த அதிகாரி கையில் கடிகாரத்தோடு வந்தார். பெரியவர்கள் மேடையேறும்போது சினிமாப் பாட்டு. பிறகு மலைக்காரர்களின் ஆட்டம் ஒன்று, ஐந்து நிமிஷம் என்றார்.

"அஞ்சு ஆட்டம் கீதுங்க சார்."

"ஒண்ணு போதும்யா."

"அஞ்சும் சேந்துதாங்க ஒண்ணு."

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி மாஸ்டரின் கிளாரினெட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை எங்கள் எல்லாருக்கும் புரிந்தது.

பெரியவர்கள் மேடையேறினார்கள். மாஸ்டர் கிளாரினெட்டை வாயில் வைத்தார். விதைப்பு ஆட்டம் கிளம்பியது. பந்தலின் கடைசியில் உட்கார்ந்திருந்த மலைக்காரர்கள் தலையைத் திருப்பினார்கள். ஒரு கிழவி எழுந்தாள். பிறகு உட்கார்ந்தே இருந்தவர் யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது. மேடைக்கு முன்னால் வட்டம் சேர்ந்துவிட்டது. முதல் ஆளாகக் கவுண்டர்.

முதலாளி முகம் எங்கள் கோட்டு நிறத்துக்கு வந்தது. விதைப்பு முடிந்து களையெடுப்பு தொடங்கும்போது அதிகாரி என்னிடம் ஓடிவந்தார்.

"நிறுத்துய்யா!"

"நான் நிறுத்தக் கூடாதுங்க. கவுண்டரு கை வெக்கணும்."

"எங்கே அந்தக் கவுண்டர்?"

"தோ ஆடறாருங்களே."

கவுண்டரைக் கூப்பிட அதிகாரி வட்டத்துக்குள் நுழைந்தார். வட்டம் அவரை உள்ளே வாங்கி மூடிக்கொண்டது. ஆடுகிற வட்டத்தில் ஒருவன் நின்றால் பின்னால் வருகிறவன் மிதிப்பான். மனுஷர் வேறு வழியில்லாமல் கால் மாற்றினார். அறுப்பு ஆட்டத்தில் இரண்டு சுற்று. கல்யாண ஆட்டத்தில் மூன்று. அம்மன் திருவிழா வந்தபோது கடிகாரம் இருந்த கை தலைக்குமேல் போய்விட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் டிரம்பெட்காரர்களைவிட அவர் தாளம் சுத்தம்.

கடைசி மெட்டு மூன்று தடவை சுற்றி வந்தது. கவுண்டர் வட்டத்தை விட்டு மெதுவாக வெளியே வந்தார். மூச்சு வாங்க என் முன்னால் நின்று, மாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மேளத்தின் மேல் கை வைத்தார். நான் நிறுத்தினேன்.

முதலாளி மாஸ்டரிடம் வந்து கையை நீட்டினார். "குடு."

மாஸ்டர் கிளாரினெட்டைத் துண்டால் துடைத்தார். பகுதி பகுதியாகக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிக் கொடுத்தார்.

"கோட்டு?"

பொத்தான்களைக் கழற்ற வெகுநேரம் ஆயிற்று. பல வருஷமாகக் கழற்றாத பொத்தான்கள். கோட்டுக்குள் சட்டை இல்லை. பனியன்கூட இல்லை. எல்லா வெயிலிலும் அவர் ஏன் அதைப் போட்டிருந்தார் என்று எட்டு வருஷம் கூட இருந்த எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அத்தனை நாள் அதை வைத்துச் சிரித்தவர்கள் நாங்கள்.

கவுண்டர் தோளில் இருந்த கம்பளியை எடுத்து நீட்டினார்.

"வேணாங்க," என்றார் மாஸ்டர். "இப்பத்தான் கொஞ்சம் காத்து வருது."

"மத்தவன்லாம் வண்டியில ஏறுங்கடா!" என்றார் முதலாளி.

நான் மேளத்தை இறக்கி முதலாளி காலருகே வைத்தேன். கோட்டைக் கழற்றி மேலே போட்டேன். டிரம்பெட்காரர்கள் அடுத்து. பிறகு எல்லாரும். வாத்தியங்கள் வண்டியில் மலையிறங்கின. நாங்கள் எட்டுப் பேரும் நடந்து இறங்கினோம். அடிவாரத்துப் படவேடு எவ்வளவு தூரம், சோறு எங்கே, ஒன்றும் தெரியாது. மூன்றாவது வளைவில் மாஸ்டர் வெறும் வாயால் கிளாரினெட் வாசிக்க ஆரம்பித்தார். டிரம்பெட்காரர்கள் வாயால் சேர்ந்துகொண்டார்கள். புளி இல்லாததால் சுத்தமாக ஊதினார்கள். நான் "டும்" என்றேன். ஆளுக்குப் பதினாலு பேராக ஐந்து ஆட்டத்தையும் மறுபடி முழுசாக வாசித்துக்கொண்டே அடிவாரம் வந்தோம். எங்களை நிறுத்த எந்த முதலாளியும் இல்லை.

அங்கிருந்து ஆளுக்கொரு திசை. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. நான் எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். வெறுங்கையோடு ரோட்டில் நடக்கும்போது இன்றைக்கும் வாய் தானாக "டும்" என்கிறது. ஒவ்வொரு "டும்"முக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுத்தான் நடக்கிறேன். அது கிளாரினெட்டுக்கு.