சிபில் மன்னிப்புக் கேட்கவேண்டும்

தார்ன்கோட் மாளிகை,
திங்கள், 13 மார்ச் 1939

அன்புத் தங்கை வினிஃப்ரெடுக்கு,

நலம். உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். என் மகள் சிபில் கோட்டுகூட இல்லாமல் உன் லண்டன் வீட்டுக்கு வந்திறங்கியதன் காரணத்தை அவள் தன் பாணியில் சொல்லியிருப்பாள். நடந்ததை நான் சொல்கிறேன். நேற்று மதிய விருந்துக்கு என் கணவர் எவரார்ட் ஜெர்மன் தூதரகத்து ஃபான் டிரெலிட்ஸை அழைத்திருந்தார். வியாழக்கிழமை இவர் பிரபுக்கள் சபையில் ஜெர்மன் நட்பைப் புகழ்ந்து பேசப்போகிறாராம், அதற்கு முன்னோட்டம். ஆட்டிறைச்சி பரிமாறும்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. "எங்க தலைவருக்கு இனிமே ஒரு அடி நிலம்கூட வேண்டாங்க" என்றார் விருந்தாளி. உடனே சிபில், "போன செப்டம்பர்ல செக் நாட்டுல ஒரு துண்டைப் பிடுங்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க. அடுத்த வேளைக்கு எந்த நாடு?" என்றாள். அவளை அடக்க எவரார்ட் மேசைக்கடியில் ஓர் உதை விட்டார். அது விருந்தாளியின் முழங்காலில் விழ, அவரோ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார்! எனக்கு இந்த வயதில் இப்படியொரு பெயர்! இரண்டாவது உதையில் மனிதர் துள்ளி எழ, புதினாச் சாறு முழுக்க அவர் வெள்ளைச் சட்டையில். எவரார்ட் தன் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

"அப்படியே வீட்டையும் எழுதிக் குடுத்துடுங்கப்பா" என்றாள் இவள்.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேளு. இல்லேன்னா இந்த வாசப்படி மிதிக்காதே!" என்று கத்தினார் எவரார்ட்.

மிதிக்கவில்லை. மூன்றரை மணி ரயிலுக்கு நடந்தே போய்விட்டாள். நான் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி சொன்னால் கேட்பாள். ஒரேயொரு மன்னிப்புக் கடிதம் எழுதவை, போதும். சமாதானம் என்பது யாராவது குனிந்தால்தானே வருகிறது?

உன் வீட்டில் அடுப்பும் மனமும் குளிராதிருக்கட்டும்.

உன் அக்கா,
லவீனியா

பி.கு.: புதன் மாலை. தபாலில் சேர்ப்பதற்குள் வானொலி சொல்லிவிட்டது: ஜெர்மன் படை செக் தலைநகர் பிராக்குக்குள் நுழைந்துவிட்டது. எவரார்ட் ஜெர்மானியரை முதலிலிருந்தே நம்பவில்லையாம். பேச்சில் 'நட்பு' வருமிடமெல்லாம் அடித்து 'துரோகம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறார். மற்ற வரிகள் அப்படியேதான். மேலே எழுதியதைக் கிழித்துப் போடடி. சிபிலிடம் நான்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும். நாளைக் காலை ரயிலில் பெட்டியோடு வருகிறேன். எவரார்டிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், அதுவும் தன் யோசனைதான் என்பார்.