பூக்கும் மூங்கில்

விஷச்செடிகளின் பெயரை எழுத வேண்டிய கட்டத்தில் "நார்சிசஸ்" என்று மட்டும் எழுதி, செகவா தன் முத்திரையைக் குத்தினார். அரளியையும் எழுதச் சொல்லி மனசாட்சி நச்சரித்தது. கை கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டடத்துக் குழந்தை ஏதோ இலையைக் கடித்து வாந்தியெடுத்ததிலிருந்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தோட்டத்தில் விஷச்செடி கூடாது என்று முடிவாகியிருந்தது. இந்த வருடத் தோட்டப் பொறுப்பு முறைப்படி செகவாவின் தலையில் விழுந்தது. சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாகப் போகும். தெரிந்த விஷச்செடியை எழுதி, முத்திரை குத்தி, அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும்.

தோட்டத்திலேயே பெரிய விஷம் அந்த அரளிப் புதர்தான். ஆனால் அதன் பின்னால்தான் பெஞ்ச் இருந்தது. மாலை ஆறு மணிக்கு அவரும் மூன்றாம் மாடி இசோபே-சானும் அங்கே 'தற்செயலாக'ச் சந்தித்து வந்து இரண்டு வருடமாகிறது. மழை விட்ட வானத்தில் மேகங்கள் எங்கோ போய்க்கொண்டிருக்கும். இளஞ்சிவப்புப் பூவொன்று சுழன்று சுழன்று அவள் மடியில் இறங்கும். கேட்க வேண்டிய ஒரே கேள்வி செகவாவின் தொண்டைவரை வந்து, பூ வாசத்தில் கிறங்கித் திரும்பிவிடும். புதர் போனால் இருபத்துநான்கு வீட்டு ஜன்னலும் பெஞ்சைப் பார்க்கும். அப்புறம் அவள் வருவாளா?

பலகை ஏழு பெயர்களோடு திரும்பியது. ஹைட்ரேஞ்சியா, ஊமத்தை, நித்தியகல்யாணி... அரளி இல்லை.

"பட்டியல் முடிந்தது. ஆட்சேபம் இருந்தால் எழுதவும்" என்று எழுதி மறுபடி அனுப்பினார். பத்தொன்பது பெயர்களோடு வந்தது. அப்போதும் அரளி இல்லை. அடுத்து யாராவது அதையும் எழுதிவிடுவார்களோ என்று பயந்து, அரளியில் ஒரு பெயர்ப்பலகை தொங்கவிட்டார்: 'பூக்கும் மூங்கில்.'

கீழ் வீட்டு ஹதானோ-சான் கண்ணாடியைத் துடைத்துப் படித்தார்.

"அடடே, மூங்கிலா? பத்து வருஷமா அரளின்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

"நானும்தான்" என்றார் செகவா, வியர்த்துக்கொண்டே.

"ஆமா, இலை மூங்கில் ஜாடைதான். பூவப் பாக்காம இருந்தா சரியாப் போச்சு."

சனிக்கிழமை தோட்டக்காரர் ஒகுடா வந்து பத்தொன்பதையும் பிடுங்கினார். மதியத்துக்குள் தோட்டம் மொட்டை. நடுவில் அரளி மட்டும் மேடை போட்ட மாதிரி பூத்துக் குலுங்கியது. செகவாவுக்கு அந்தக் குழந்தையின் ஞாபகம் வந்தது.

"ஒகுடா-சான், அது மூங்கில் இல்ல. அரளி. அதையும் வெட்டிடுங்க."

"தெரியும்ங்க. நாப்பது வருஷமா இதே பொழப்புதான? அதுக்கு வேலி போடச் சொல்லியிருக்காங்க."

"யாரு?"

ஒகுடா வண்டியிலிருந்து இன்னொரு சுற்றறிக்கைப் பலகையை எடுத்து நீட்டினார். அதில் இருபத்திரண்டு முத்திரைகள்.

"இது என் வீட்டுக்கு வரவேயில்லையே!"

"உங்க வீட்டையும் இசோபே-சான் வீட்டையும் தாண்டித்தான் போச்சு" என்ற ஒகுடா, பையைத் துழாவினார். "பெஞ்சும் வேலிக்குள்ளதான். வேலிக்குப் பூட்டு, பூட்டுக்கு ரெண்டு சாவி. உங்களுக்கு ஒண்ணு, அந்தம்மாவுக்கு ஒண்ணு. கடைசி வரியப் படிங்க: 'இந்த வருஷமாவது கேட்டுடச் சொல்லுங்க.'"