கஜா பேராங் வேக மேம்பாட்டு இலாகா

மோட்டார் என்ஜினைக் கண்டுபிடித்த பெருமை ஜெர்மானியருக்கே இருந்துவிட்டுப் போகட்டும். அதை 'மேம்படுத்தும்' கலையை மனித குலத்துக்கு வழங்கியது மலாக்கா நகரின் கஜா பேராங் பகுதியில் இயங்கிய கேப்டன் இஷிமுராவின் வேக மேம்பாட்டு இலாகாதான். இதை நான் அடித்துச் சொல்வேன். அந்த இலாகாவின் தலைமைக் குமாஸ்தா, அதாவது தலைமைக் கிராணி, கணேசமூர்த்தி நான்தான். துணைக் கிராணியும் நானே. மொழிபெயர்ப்பாளரும் நானே. ஜப்பானிய மொழியில் எனக்கு எண்பது சொற்கள் தெரியும். அவற்றில் பாதி மன்னிப்புக் கேட்பதற்கானவை.

இலாகா பிறந்தது 2603-ஆம் ஆண்டு. திகைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் இருந்தவரை நாங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் பின்தங்கிக் கிடந்தோம். ஜப்பானியர் வந்ததும் ஒரே ராத்திரியில் அறுநூற்று அறுபது வருஷம் முன்னேறினோம். ஊர்க் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஏற்ப ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்தோம். அரிசி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அது பின்னால் வரும் என்றார்கள்.

இனி காருக்கு வருவோம். சிங்கப்பூருக்கு ஓடிய ஆங்கிலத் தோட்டத் துரை ஒருவர் விட்டுப்போன பழைய சிவப்புப் பந்தயக் கார் அது. இரண்டு பேர் உட்காரலாம். கேப்டன் இஷிமுரா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வரலாற்றுச் சிறப்பு மிக்க ஓர் ஆணை பிறப்பித்தார்.

"வெள்ளைக்காரன் ஓட்டியபோது இது மணிக்கு அறுபது மைல் போனது. நாம் ஓட்டினால் எண்பது போக வேண்டும். எவனுடைய நாகரிகம் பெரியது என்பது அப்போது தெரியும்."

நாகரிகத்தை நிரூபிக்கும் பொறுப்பு சுப்பையனிடம் ஒப்படைக்கப்பட்டது. பஸ் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். அவனுக்கு 'அத்தியாவசியத் தொழிலாளி' என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டின் அருமை அந்த வருஷம் மலாயாவில் இருந்த தமிழனுக்குத்தான் தெரியும். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாத வேலை என்று லோரியில் ஏற்றிப் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. சீட்டு இருந்தால் லோரி கிடையாது. ஆனால் சீட்டின் அடியில் கேப்டன் தம் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார்: 'என்ஜின் வேலை முடியும்வரை செல்லும்.'

அந்த வரியை நான் படித்துச் சொன்னதும் சுப்பையன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அப்போ வேல முடியவே கூடாது, கிராணியாரே."

திங்கள்தோறும் மேம்பாட்டுக் கூட்டம் நடந்தது. முதலில் பேரரசரின் அரண்மனை இருக்கும் திசையை நோக்கிக் குனிந்து வணங்குவோம். கார் அந்தத் திசையில் நின்றதால் வணக்கத்தில் அதற்கும் ஒரு பங்கு கிடைத்தது. பிறகு விவாதம்.

"சிலிண்டர் தலைய இன்னும் ஒரு நூலு ராவணும்னு தொரைகிட்ட சொல்லுங்க. அமுக்கம் கூடுனாதான் வேகம் கூடும்" என்றான் சுப்பையன்.

"எத்தனை நாள்?" என்றார் கேப்டன்.

"அரத்த வெச்சு கையாலதான ராவணும்? மூணு வாரம் புடிக்கும்."

அடுத்த கூட்டத்தில் கேப்டனே ஒரு விஞ்ஞானக் கருத்தை வெளியிட்டார். ஒரு கார்புரேட்டருக்கு அறுபது மைல் என்றால் இரண்டு கார்புரேட்டருக்கு நூற்றிருபது. நான்கு வைத்தால்? சுப்பையன் வாயைப் பிளந்து வியந்தான்.

"தொரைக்கு என்னா மூள! நாலு கிடைக்கணும்னா நாலு லோரியப் பிரிக்கணும். எட்டு வாரமாச்சும் ஆகும்."

நான் முதல் பாதியை இரண்டு தரமும் மறுபாதியை ஒரு தரமும் மொழிபெயர்த்தேன். கேப்டன் மகிழ்ந்தார். ராணுவத்தின் நான்கு லோரிகள் பிரிக்கப்பட்டன. வேகத்துக்கு எடை பகை என்பதால் கதவுகள் கழற்றப்பட்டன. பக்கத்து இருக்கை போயிற்று. வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு பயன் எதுவும் இல்லை என்று கண்டறியப்பட்டு பிரேக்கும் போயிற்று.

பெட்ரோல் ராணுவத்துக்கு மட்டும். எங்களுக்குக் கிடைத்தது ரப்பரைக் காய்ச்சி இறக்கிய கித்தா எண்ணெய். அதை ஊற்றி என்ஜினைக் கிளப்பினால் தெருவெல்லாம் செருப்பு எரிகிற நாற்றம். உள்ளே சம்மட்டியால் அடிப்பதுபோல் டொக் டொக் என்று சத்தம்.

"அது என்ன சத்தம்?" என்றார் கேப்டன்.

"அமுக்கம் ஏறிப்போச்சு, எண்ணெ மட்ட ரகம். இப்பிடியே ஓட்டுனா ஒடையும்" என்றான் சுப்பையன்.

"ஓடத் துடிக்கிறதாம்" என்று மொழிபெயர்த்தேன்.

இவ்வாறு ஏழு மாதங்கள் இலாகா இடைவிடாது முன்னேறியது. அப்போது ஷோனானிலிருந்து, அதாவது ஜப்பானியர் பெயர் மாற்றிய சிங்கப்பூரிலிருந்து, ஒரு கர்னல் பார்வையிட வருவதாகத் தந்தி வந்தது. கேப்டன் வெள்ளோட்டம் அறிவித்தார். கஜா பேராங்கிலிருந்து புக்கிட் ரம்பாய் வரை ஆறு மைல். ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். தவறினால் இலாகா கலைக்கப்படும். ஃபிட்டரும் கிராணியும் சயாமில் மேம்படுத்தப்படுவார்கள்.

அதுவரை சுப்பையனின் சீட்டை நினைத்து இரக்கப்பட்டுக்கொண்டிருந்த நான், அன்று முதல் என்னை நினைத்து இரக்கப்பட்டேன்.

வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள் சுப்பையனின் மனைவி கமலவேணி, அவித்த மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

"வண்டி ஓடிருமா, ஐயா?"

"ஓடும்மா. நாலு கார்புரேட்டர் இருக்கு."

"அதனாலதான் ஓடாதுன்னு அவரு சொல்றாரு."

வெள்ளோட்டத்தன்று நான் காலையிலேயே பதிவேட்டோடு புக்கிட் ரம்பாய் போய்விட்டேன். என் கைக்கடிகாரம் ஏற்கெனவே ஒரு சிப்பாயின் கையில் நாட்டுக்காக உழைத்துக்கொண்டிருந்தது. ஆகவே அங்கிருந்த முகைதீன் நானாவின் மளிகைக் கடைச் சுவர்க் கடிகாரமே அதிகாரபூர்வக் கடிகாரம் என்று முன்கூட்டியே ஆணையாகியிருந்தது. கஜா பேராங்கில் சரியாகப் பத்து மணிக்குக் கேப்டன் கொடியசைத்தார். புறப்பட்ட நேரத்தை எழுதி, முத்திரை வைத்து, சுப்பையனின் சட்டைப் பையில் போட்டார். கார் இடிமுழக்கத்துடன் வளைவைக் கடந்து மறைந்தது. பின்தொடர வேறு வண்டிக்கு எண்ணெய் இல்லை; இருந்ததெல்லாம் மேம்பாட்டில் செலவாகியிருந்தது. அதிகாரிகள் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

புக்கிட் ரம்பாயில் நான் கடைக்கு வெளியே சாலையைப் பார்த்தபடி வெகுநேரம் காத்திருந்தேன். கடைசியில் கார் வந்தது. முன்னால் இரண்டு மாடுகளும் ஒரு கட்டை வண்டியும் வந்தன. பின்னால் கயிற்றில் கார். அதில் முகமெல்லாம் கரியோடு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சுப்பையன்.

"ரெண்டு மைலு பறந்துச்சு, கிராணியாரே. அப்புறம் டொக்குன்னு ஒண்ணு. உள்ள இருந்த சாமான் ஒண்ணு வெளிய எட்டிப் பாத்துச்சு."

நான் சுவரைப் பார்த்தேன். கடிகாரம் ஒன்பது முப்பத்தேழு காட்டியது.

"நானா, இது என்ன மணி?"

முகைதீன் நானா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பழைய மணி. தொழுகைக்கு இதுதான் ஒத்து வருது. தோக்கியோ மணி சொன்னா சூரியன் கேக்க மாட்டேங்குதே. வெளிய சொல்லிறாதீங்க, என்னெயக் கட்டிவெச்சு அடிப்பாங்க."

உண்மையான தோக்கியோ நேரம் பதினொன்று ஏழு. அதை எழுதினால் எங்கள் இருவருக்கும் சயாம். கடிகாரத்தைக் காட்டிக் கொடுத்தால் நானாவுக்கு அடி. கடிகாரம் காட்டுவதை எழுதுவதே கிராணியின் கடமை என்று என் மனசாட்சி சொன்னது. அந்தச் சமயத்தில் அதற்கு உடம்பெல்லாம் நடுக்கம். எழுதினேன்: புறப்பட்டது பத்து மணி. வந்து சேர்ந்தது ஒன்பது முப்பத்தேழு.

சுப்பையனிடம் படித்துக் காட்டினேன். "கெளம்புறதுக்கு முந்தியே வந்துட்டனா?" என்று கேட்டு, ஏழு மாதத்தில் முதல் தடவையாக வயிறு குலுங்கச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் கர்னல் பதிவேட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார். கேப்டன் எட்டிப் பார்த்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது என்பது அவர் கழுத்தில் வழிந்த வியர்வையில் தெரிந்தது. ஆனால் வாய் திறந்தால், தம் ஆட்சிக்கு உட்பட்ட ஊரில் ஒரு கடிகாரம் இன்னும் வெள்ளைக்காரனுக்கே ஓடிக்கொண்டிருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குதிகாலைச் சேர்த்து விறைத்து நின்றார்.

"ஆம், கர்னல். இருபத்து மூன்று நிமிடம் முன்னதாக."

"வெள்ளைக்காரனின் கார் எதுவாவது இப்படிச் செய்ததுண்டா?"

"ஒருபோதும் இல்லை."

கைதட்டல் எழுந்தது. எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் இரண்டு காத்தி எடை அரிசியும் கொடுத்தார்கள். சுப்பையனைக் கர்னலே தோளில் தட்டினார். பிறகு கேப்டனிடம் திரும்பினார்.

"சயாம் ரயில் பாதை மிகவும் தாமதமாகிறது. இவன் இருக்க வேண்டிய இடம் அதுதான். நாளைக்கே அனுப்புங்கள். கிராணி இருக்கட்டும், பதிவேடு அழகாக வைத்திருக்கிறான்."

சுப்பையன் என் முகத்தைப் பார்த்தான். "என்னா சொல்றாரு?"

'கடிகாரம் தப்பு' என்று ஜப்பானிய மொழியில் சொல்ல இரண்டு சொற்கள் போதும். இரண்டும் எனக்குத் தெரியும். சொன்னால் அவனோடு நானும் லோரியில் ஏற வேண்டும். நான் சொல்லவில்லை. அன்றிரவே அவனை அனுப்பும் ஆணையை எழுதினேன். என் கையெழுத்து அதில் ரொம்ப நன்றாக அமைந்துவிட்டது, வெட்கம் தாங்கவில்லை.

லோரியில் ஏறும்போது சுப்பையன் ஸ்பேனர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "ரெண்டு பேரும் போறதுக்கு ஒரு ஆளு போறது தேவலதான், கிராணியாரே" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இலாகா தொடர்ந்து சிறப்பாகவே இயங்கியது. என்ஜின் பழைய இரும்பாகக் கப்பலேறியது. பத்திரத்தைச் சட்டம் போட்டு என் மேசைக்கு மேலே மாட்டினேன். மறு வருஷம் கமலவேணி வந்து அதன் எதிரே நின்றாள்.

"இதுல என்னா எழுதியிருக்கு, ஐயா?"

உரிய கம்பீரத்தோடு படித்துச் சொன்னேன். புறப்பட்டது பத்து மணி. வந்து சேர்ந்தது ஒன்பது முப்பத்தேழு. அவள் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள். பிறகு மேசையில் மூடிக் கிடந்த பதிவேட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அவர அனுப்புன தாளயும் நீங்கதான எழுதுனீங்க? வருசம் ஒண்ணாச்சு. அவரு வந்து சேந்த நேரத்தையும் எழுதிருங்க, ஐயா."