மீன் காட்சியகத்தில் காணாமல் போன உங்கள் பேரன்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் பணிவோடு எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அதைக் குறையவிடாமல் நம் வாலு உங்களைக் குதிரையாக்கி வீடு முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பான் என்றும் நம்புகிறேன். நான் நலம். நலமா என்று இன்று சாயங்காலம் இந்த ஊரில் ஒரு கூட்டமே சுற்றி நின்று கேட்டுவிட்டது, அதனால் உறுதியாகவே சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் பிள்ளை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு ஆயுசுக்கும் சிரிப்பார். ஆகவே இது உங்கள் கண்ணுக்கு மட்டும்.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் நண்பர்களிடம் என்னை லிஃப்ட் இன்ஜினியர் என்று சொல்லி வருகிறீர்களாம். இல்லை மாமா. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போன் போட்டால், "பதறாதீங்க, மூச்சை நல்லா விடுங்க, எங்க இருக்கீங்க, கூட யார் இருக்காங்க" என்று நிதானமாகப் பேச வேண்டியவள் நான். இங்கே புதுக் கிளையில் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு நிதானம் கற்றுக்கொடுக்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். நிதானம். அதுவும் நான். கற்றுக்கொடுத்தது போதவில்லை, இன்னும் ஒரு மாதம் இருக்க முடியுமா என்று மேலாளரம்மா கேட்டிருக்கிறார். நாளை பதில் சொல்ல வேண்டும். முடியாது, பிள்ளை ஏங்கிப்போவான் என்று சொல்லிவிட்டு ஊருக்கு ஓடி வந்துவிடத்தான் நேற்றுவரை இருந்தேன்.

"லீவு நாள்ல அறையிலேயே அடைஞ்சு கிடக்காதேம்மா, தனியா நாலு இடம் சுத்திப் பாரு" என்று நீங்கள் சொன்னீர்களே, அதைத் தட்டக் கூடாதென்று இன்று கிளம்பினேன். கிளம்பின முதல் தெருவிலேயே, சாலையைக் கடக்கும்போது, பழக்க தோஷத்தில் பக்கத்தில் தொங்கிய கையைப் பிடித்து "ஓடக் கூடாது, அம்மா கூடவே வரணும்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டேன். அந்தப் பக்கம் சேர்ந்து நிமிர்ந்து பார்த்தால் கோட்டு போட்ட ஓர் ஆறடி மனிதர். பாவம், மறுபேச்சுப் பேசாமல் வந்திருக்கிறார். "நான் அங்க பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தேங்க" என்றார் மெதுவாக. திரும்பக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன், வேறென்ன செய்ய. அப்புறம் மீன் காட்சியகத்தில் டிக்கெட் வரிசையில் நின்றேன், கையில் பிள்ளை இல்லாமலே இடுப்பை ஆட்டி ஆட்டித் தூங்கவைத்துக்கொண்டு. பின்னால் நின்ற அம்மாள், "வயித்து வலியாம்மா? வேணும்னா முன்னாடி போ" என்று வழிவிட்டார். போனேன். உள்ளே ஒரே இருட்டு, நீல வெளிச்சம், கண்ணாடிக்குப் பின்னால் அண்டா மாதிரி ஒரு மீன் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறது. "டேய் வாலு, இங்க பாரேன், அச்சு அசலா உங்க அப்பா!" என்று அவனைத் தூக்கத் திரும்பினேன். ஆளில்லை. மாமா, அந்த நிமிஷம் எனக்கு ஊர் ஞாபகமில்லை, வேலை ஞாபகமில்லை, ஒரு மண்ணும் ஞாபகமில்லை. "ஐயோ, என் பிள்ளையைக் காணோம்!" என்று போட்டேன் ஒரு கத்தல், மீனே எழுந்துவிட்டது.

காவலுக்கு நின்ற அம்மா விசிலை ஊதினார், கதவைச் சாத்தச் சொன்னார். ஒருத்தர் தண்ணீர் கொடுக்கிறார், ஒருத்தர் பெஞ்சுக்கு அடியில் தவழ்கிறார், இன்னொருத்தர் எவனோ ஒரு பையனைத் தூக்கி வந்து "இவனாம்மா?" என்கிறார், பின்னாலேயே அவனைப் பெற்றவள் கைப்பையால் அவரை அடித்துக்கொண்டு வருகிறாள்.

"என்ன வயசு?" என்றார் காவலம்மா.

"ரெண்டரை."

"என்ன சட்டை?"

"தெரியலையே."

"நீதானே போட்டுவிட்டே?"

"இல்லைங்க, எங்க மாமனார்தான் போட்டுவிட்டிருப்பார்."

"அவர் எங்க?"

"வீட்டுல."

"வீடு எங்க?"

"ராத்திரி முழுக்க ரயில்ல போகணும்."

விசில் அவர் வாயிலிருந்து தானாகவே கீழே விழுந்தது.

கதவைத் திறந்துவிட்டு, என்னை ஓரமாக உட்காரவைத்து, "அந்த மாமனார் நல்லாப் பாத்துப்பாரா?" என்று கேட்டார். அவ்வளவுதான், வாய் திறந்தது மூடவில்லை. வெந்நீர் போடக்கூடத் தெரியாத மனுஷன் இப்போ பருப்பு கடைஞ்சு ஊட்டுறார்னு சொன்னேன். பெத்த பிள்ளையைத் தூக்கவே பயந்தவர் பேரனை இடுப்பில் வச்சுக்கிட்டே துணி காயப்போடுறார்னு சொன்னேன். சொந்தக்காரங்க எல்லாரும் "பச்சைப் பிள்ளையை விட்டுட்டு எவளாவது போவாளா"ன்னு கேட்டப்போ, "நான் இருக்கேன், அவ போயிட்டு வரட்டும்"னு ஒரே வார்த்தையில் அவங்க வாயை அடைச்சார்னு சொன்னேன். கேட்டுவிட்டு அந்தம்மா, "அப்புறம் எதுக்கு அழுவுற? எனக்கு இப்படி ஒரு மாமனார் இருந்தா நான் வீட்டுக்கே போக மாட்டேன்" என்றார்.

அழுதுகொண்டே சிரித்தேன் மாமா. காணாமல் போனது அவன் இல்லை, நான்தான். அவன் இருக்க வேண்டிய இடத்தில் பத்திரமாக இருக்கிறான். இதை உங்களிடம் நேரில் ஒரு நாளும் சொன்னதில்லை, நேரில் சொன்னால் "சரி சரி, காபி ஆறுது" என்பீர்கள். அதனால்தான் எழுத்தில் சொல்கிறேன்: நன்றி மாமா.

ஆகவே நாளை சரி என்று சொல்லப்போகிறேன். நான் ஏங்குகிறேன் என்று நினைத்து அவனைத் தூக்கிக்கொண்டு இங்கே கிளம்பி வந்துவிடாதீர்கள். அவ்வளவு தூரம் அவனுக்கும் ஒத்துக்காது, உங்கள் முழங்காலுக்கும் ஆகாது. நான் மிகத் தைரியமாக இருக்கிறேன்.

உங்களுக்கு என் வணக்கங்கள். உங்கள் பிள்ளைக்கு என் விசாரிப்பு. வாலுவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், துடைத்துக்கொண்டால் மறுபடியும்.

இப்படிக்கு,
என்றும் நிதானம் தவறாத
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: தைரியத்தைப் பற்றி எழுதினதை அடித்துவிட்டுப் படியுங்கள். தூங்கிக்கொண்டிருந்த விடுதிக்கார அம்மாவைத் தட்டி எழுப்பிப் பெரிய அறையாக மாற்றிக்கொண்டுவிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை ரயிலில் உங்களுக்குக் கீழ் பெர்த் போட்டாச்சு. ரெண்டு பேரும் கிளம்பி வந்துடுங்க, மாசம் முழுக்க இங்கேயே இருந்துக்கலாம். உங்க பிள்ளையைத் தனியா விடணுமேன்னு கவலைப்படாதீங்க. முதல் ரெண்டு நாள் அழுவார், அப்புறம் பழகிடும்.