மூன்று இணையதளமும் ஒரு சட்டி உருளைக்கிழங்கும்

சமையலறைக்குள் நடமாடும் மனிதர்களில் ஒரு தனி இனம் உண்டு. சமைக்கத் தெரியாதவர் இல்லை. அவர் வெளியே எங்காவது சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார், யாருக்கும் தொந்தரவு கிடையாது. சமைக்கத் தெரிந்தவரும் இல்லை; அவர் பாட்டுக்குத் தாளித்துக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இது மூன்றாவது ரகம். வெங்காயத்தைக் கையில் எடுத்த பிறகு, இதை நீளமாக நறுக்குவதா பொடியாக நறுக்குவதா என்று கைப்பேசியில் ஓர் இணையதளத்தைக் கேட்டு, அது சொன்ன பதிலை நம்பாமல் இன்னொரு தளத்தைக் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போய்விட்டால் 'ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடித்திருப்பார்களோ' என்று சந்தேகப்பட்டு மூன்றாவது தளத்துக்குப் போகிறவர். இவருக்கு ஒப்பீட்டுச் சமையற்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வெங்காயம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அது கையிலேயேதான் இருக்கிறது.

நம்முடைய ஆள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவர். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து, எதிரே இருப்பவரின் மூக்கின் மேல் கனமான சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லை ஒவ்வொன்றாக மாற்றி, "இது தெளிவா இருக்கா? இப்ப? முன்னாடி இருந்ததா, இதுவா?" என்று கேட்பதுதான் உத்தியோகம். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் வாடிவிடும். உலகத்தில் இரண்டு பொருள் ஒன்றாக இருக்கவே முடியாது என்பது அவர் கட்சி. வீட்டுக்கு வந்ததும் சில்லை மாற்றுவதை நிறுத்திவிடுகிறார். கேள்வியை எங்கே நிறுத்துகிறார்?

அன்றைக்கு அவர் ஒரு வாக்கு கொடுத்திருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணுக்கால் எலும்பு முறிந்து வீட்டோடு கிடந்தவர், அன்றுதான் மறுபடி வேலைக்குப் போயிருந்தார். வேலை முடிந்து வந்தால் காலை நீட்டி உட்கார வேண்டும், அடுப்படியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "நீ வந்து உட்காரு, சூடா சாப்பாடு இருக்கும்" என்று வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினார் நம்மவர். சாப்பாடு ஆகவில்லையென்றால் அந்தம்மா கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் அடுப்பின் முன்னால் நின்றுவிடுவார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் கடையிலிருந்து சீக்கிரமாகவே கிளம்பி வந்து, குக்கரில் சோறு வைத்துவிட்டு, உருளைக்கிழங்கை மேடைமேல் பரப்பி, கைப்பேசியைத் திறந்தார். விபரீதம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் தளத்தை நடத்துவது ஓர் அம்மணி. உருளைக்கிழங்குக்குப் போய்ச் சேருவதற்கு முன் அவருடைய கல்யாணம், புது வீடு, அன்றைக்குப் பெய்த மழை, முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கணவர் சொன்ன ஒரு வார்த்தை எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டும். தாண்டிவிடலாம்தான். ஆனால் நடுவில் எங்காவது ஒரு நல்ல யோசனை ஒளிந்திருந்தால்? நம்மவர் மழையையும் விடாமல் படித்தார். இரண்டாவது தளம் எல்லாவற்றையும் கிராமில் சொல்லும். வீட்டில் தராசு கிடையாது என்பதால் இரண்டு கிழங்கை இரண்டு கையிலும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூன்றாவது தளம் வெறும் வீடியோ. வளையல் போட்ட இரண்டு கைகள் மட்டும் வரும். நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் மசாலா போட்டு முடித்திருக்கும்.

பிறகு கருத்துகள். அதைப் படிக்காமல் அடுப்பைத் தொடுவது எவ்வளவு பெரிய அபாயம்! 'எங்கள் வீட்டில் எல்லாரும் பாராட்டினார்கள்' என்கிறார் ஒருவர். 'எண்ணெய் ஊற்றாமல் செய்தேன், அடிப்பிடித்துவிட்டது, ஏமாற்று வேலை' என்கிறார் இன்னொருவர். இந்த இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் மகள் தண்ணீர் குடிக்க வந்தாள்.

"அம்மா படுத்திருந்தப்ப நீங்கதானேப்பா தினமும் செஞ்சீங்க? அதே மாதிரி செய்யுங்களேன்."

"அது உங்கம்மா கட்டில்ல இருந்து சொல்லச் சொல்லச் செஞ்சது. அதுக்கு எத்தனை ஸ்டார்னு யாருக்குத் தெரியும்?"

"தட்டு காலியாச்சேப்பா."

"ஒரு வீட்டு ஆளுங்க அபிப்பிராயத்தை மட்டும் வச்சு எப்படிம்மா முடிவு பண்றது?"

மகள் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். கைப்பேசியில் மனைவியின் செய்தி வந்து விழுந்தது. 'பஸ் ஏறிட்டேன். கால் வலிக்குது. பசிக்குது.'

மனிதருக்குக் கைகால் ஓடவில்லை. தோல் சீவாத கிழங்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க இனி நேரமில்லை. மூன்றையும் சேர்த்துச் செய்துவிடுவது என்று தீர்மானித்தார். யார் மனமும் கோணக் கூடாதல்லவா? அம்மணி சொன்னபடி வேகவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டார். கிராம்காரர் சொன்னபடி வெங்காயம் வதங்கும்போது உப்புப் போட்டார். வளையல் கைகள் காட்டியபடி அடுப்பை அணைத்ததும் மேலாக உப்புத் தூவினார். தனித்தனியாகப் பார்த்தால் மூவர் சொன்னதும் சரிதான்.

மனைவி வந்தார். உட்கார்ந்தார். நிஜமாகவே காலை நீட்டி உட்கார்ந்தார். தட்டில் சோறும் வறுவலும் ஆவி பறக்க வந்ததைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததே, அந்த ஒரு கணம் நம்மவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு வாய் வைத்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"உப்பு எப்ப போட்டீங்க?"

"மூணு பேரும் எப்ப எப்ப போடச் சொன்னாங்களோ, அப்ப அப்ப கரெக்டா போட்டேன்."

"யாருங்க அந்த மூணு பேரு?" என்று கேட்டபடியே அந்தம்மா மேசையில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். நம்மவர் பதறிப்போனார்.

"எழுந்திருக்காத! நீ உட்காரு! ஒரே நிமிஷம், நான் சரி பண்ணிடறேன்!"

உள்ளே ஓடினார். பால் ஊற்றினாரா? எலுமிச்சம்பழம் பிழிந்தாரா? கைப்பேசியை எடுத்து 'உப்பு கூடிவிட்டால் என்ன செய்வது' என்று தேடினார். ஏகப்பட்ட வழிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே கருத்துகள் இருந்தன.

அவர் ஒரு வழியாக வெளியே வந்து, "பாலைவிட எலுமிச்சைக்குத்தான் ஸ்டார் அதிகம், ஆனா..." என்று ஆரம்பித்தபோது, மேசைமேல் வறுவல் சட்டி ஏறக்குறைய காலி. மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே மகளிடம் சொல்லி, கைப்பேசியில் மூழ்கியிருந்த அவருக்குத் தெரியாமலே குக்கரை எடுத்துவரச் செய்து, அதிலிருந்த உப்பில்லாத சோற்றை முழுக்கச் சட்டியில் கொட்டிக் கிளறி, இருவரும் வயிறாரச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவருக்கென்று ஒரு பங்கு ஓரமாக ஒதுக்கியிருந்தது. மனைவி அதில் ஒரு கவளம் எடுத்து அவர் வாயருகே நீட்டினார்.

"நல்லா இருக்கா?"

"இருக்கு. ஆனா எதை விட..."

"எதை விடன்னு கேக்காம சாப்பிடுங்க. நான் உட்கார்ந்த இடத்துல சோறு வந்துச்சு. அது போதும் எனக்கு."

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று தளத்து உப்பும் சேர்ந்து கண் வழியாக வெளியேறியது என்று மகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

இதோடு ஆள் திருந்திவிட்டார் என்றா நினைத்தீர்கள்? பாத்திரம் கழுவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மூன்று தளங்களுக்கும் மறுபடி போனார். மூன்றிலும் பாரபட்சம் இல்லாமல் ஒரே கருத்தை எழுதினார். 'சொன்னபடியே செய்தேன். உப்பு மிக அதிகம்.' ஆளுக்கு ஒரே ஒரு நட்சத்திரம்.

போன வாரம் நீங்கள் உருளைக்கிழங்கு வறுவலுக்கு வழி தேடியபோது, அந்தக் கருத்தைப் பார்த்துப் பயந்து அடுத்த தளத்துக்குத் தாவியிருப்பீர்கள். அங்கேயும் அதே கருத்து இருந்ததா? அதற்கடுத்த தளத்திலும் இருந்ததா? ஆமாம் என்கிறீர்களா?

மூன்று தளத்திலும் இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?