விரதமிருந்து கேட்ட பாட்டு

அடுத்தவருக்குப் பாட்டு சிபாரிசு செய்வது ஒரு வியாதி. எனக்கு அது முற்றிவிட்டது. அதுவும் சினிமாவில் வராத, மொட்டைமாடியிலும் குளியலறையிலும் பதிவு செய்த, யாரும் கேட்டிராத பாட்டுகள். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் நான் காரை நிறுத்தி "ஏறிக்குங்க" என்றால், மழையில் நடந்தே போகிறவர்கள் உண்டு. (மிகையில்லை. ஒருவரிடம் குடைகூட இல்லை.)

சில வருடங்களுக்கு முன் வடசென்னையில் இருக்கும் கதிர் என்ற பாடகரின் பாட்டுகளில் விழுந்தேன். அவற்றை மொத்தம் எத்தனை தடவை யார் கேட்டிருந்தாலும் அதில் பாதி நான்தான். ஒரு வேகத்தில் அவருக்கு எழுதிவிட்டேன்: "சனிக்கிழமை வீடியோ கால்ல எங்க வீட்டு டிவியில பாடுங்க தம்பி. அம்பது பேரை உக்கார வைக்கிறேன்." அதுவரை ஐந்து பேருக்கு மேல் அவர் பாட்டுக்கு உட்கார்ந்ததில்லையாம். வேலைக்கு அரைநாள் லீவு போட்டார்.

ஐம்பது பேரிடமும் சொன்னேன். ஐம்பது பேருக்கும் அன்றைக்குப் பிள்ளைகளின் சாக்கர் மேட்ச் இருந்தது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று, பின்வாங்குவதாக இல்லை. வாட்ஸப்பில் அழைப்பை மாற்றினேன்: "எங்கள் வீட்டில் பூஜை. பிறகு சாப்பாடு." விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினால் அதுவும் பூஜைதானே. சாப்பாட்டுக்கு முன் யாரும் எழுந்து போகமாட்டார்கள் என்பது என் ராஜதந்திரம். "இது நல்லதுக்கில்ல" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, என் மனைவி சுதா பக்கத்து ஊரான ஐசலினில் ஒரு இந்திய ஹோட்டலில் சாப்பாட்டுக்குச் சொன்னாள்.

சாக்கரெல்லாம் ரத்தானது. நாற்பத்தேழு பேர் பட்டுப்புடவையும் வேட்டியுமாக வந்து இறங்கினார்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் வாத்தியார் கிடைப்பது குதிரைக்கொம்பு. பல வீடுகளில் அவர் டிவியில் வந்துதான் பூஜை செய்துவைப்பார். நான் விளக்குக்குத் திரி தேடிக்கொண்டிருந்தபோது கதிர் பத்து நிமிடம் முன்னதாகவே திரையில் வந்துவிட்டார். தாடி, நெற்றியில் விபூதி. கிடார் மட்டும் திரைக்குக் கீழே. கண்ணை மூடி, இரண்டு நிமிடம் வெறும் ஹம்மிங். ஹாலில் அத்தனை பேரும் கண்ணை மூடிக் கைகூப்பினார்கள்.

"அப்பா, ப்ளீஸ் டெல் தெம்," என்றாள் என் மகள்.

"பாட்டு நடுவுல பேசக்கூடாது," என்றேன்.

அனல்மின் நிலையத்துச் சாம்பல் துணிக்கொடியில் வந்து விழுவதைப் பற்றிய பாட்டு அது. சாம்பல் என்று கேட்டதும் ஒரு அங்கிள் பயபக்தியுடன் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். பாட்டு முடிந்ததும் முன்வரிசை லலிதா ஆன்ட்டி எழுந்து டிவியின் மேல் அட்சதை போட்டார். (கையோடு கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார்.) பின்னாலேயே நாற்பத்தாறு பேர்.

"தமிழ்லயே பண்றார், நன்னா புரியறது," என்ற லலிதா ஆன்ட்டி திரையைப் பார்த்துக் கேட்டார். "கோத்திரம் இப்ப சொல்லணுமா, அப்புறமா?"

"நான் வாத்தியார் இல்லீங்கம்மா. பாட்டுப் பாடுறவன்," என்றார் கதிர்.

ஹால் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. உண்மையைச் சொன்னேன்.

"நான் விரதம். கார்த்தாலேர்ந்து காபிகூட குடிக்கல," என்றார் லலிதா ஆன்ட்டி.

எங்கள் பக்கத்து மைக்கை அணைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை; எல்லாம் கதிருக்கும் கேட்டுவிட்டது. "அண்ணா, அம்பது பேர் எனக்காக வராங்கன்னு சொன்னீங்களே," என்றார் கதிர். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

லலிதா ஆன்ட்டி நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டார். "தம்பி, அந்தச் சாம்பல் உங்காத்துத் துணியிலயா விழறது?"

"ஆமாம்மா. அம்மா தினம் ரெண்டு வாட்டி துவைப்பாங்க."

"அந்தப் பாட்டையே திரும்பப் பாடுங்கோ. இப்ப பாட்டா கேக்கறோம். இவரை அப்புறம் பாத்துக்கறேன்."

பாடினார். இம்முறை யாரும் கைகூப்பவில்லை. மேலும் மூன்று பாட்டுகள் பாடினார். சாம்பார் ஆறியது, யாரும் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டிலிருந்து எந்த அழைப்பு போனாலும், மகளின் பிறந்தநாளானாலும், முதலில் வரும் கேள்வி: "பூஜையா, பாட்டா?" நான் திருந்தவில்லை. காரில் லிஃப்டும் சிபாரிசும் தொடர்கின்றன. ஆனால் கதிர் தன் புதுப் பாட்டை முதலில் அனுப்புவது லலிதா ஆன்ட்டிக்குத்தான். அவர் உடனே அதை வாட்ஸப் குழுவில் எல்லோருக்கும் போடுவார், மேலே தவறாமல் ஒரு வரியோடு: "சாப்டுண்டே கேக்கலாம்."